ஐப்பசியில் காரை எடுத்தால் எந்தக் காட்டுக்கு?

கும்பகோணம்:
தீபாவளியை ஒட்டி மூன்று நாள் கிடைக்கிறது. சின்ன கார், நான்கு பேர். அதில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று, மூட்டுவலி உள்ள பெரியவர் ஒருவர். தேசியப் பூங்கா ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு. முதுமலையா, டாப்ஸ்லிப்பா, வேறு ஏதாவதா? "சூப்பர் இடம்" என்று மட்டும் எழுதாமல், வழி, நேரம், எங்கே சொதப்பும் என்பதையும் எழுதினால் புண்ணியமாகப் போகும்.

திருவையாறு:
தமிழ்நாட்டில் தேசியப் பூங்கா மொத்தம் ஐந்து: கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா. டெல்டாவில் ஒன்றுகூடக் கிடையாது. கிண்டி சென்னை நகரத்துக்குள் இருக்கிறது, அதற்காக யாரும் காரில் முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டாம். முக்கூர்த்தி சும்மா போய் டிக்கெட் எடுத்து நுழையும் இடமல்ல. மன்னார் வளைகுடா என்பது 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும். அடைமழைக் காலத்தில் தண்ணீர் கலங்கிவிட்டால் கண்ணாடி வைத்த படகில் போனாலும் பவளப்பாறை கண்ணுக்குப் படாது.

மிச்சம் இரண்டு. முதுமலை கும்பகோணத்திலிருந்து சுமார் 450 கி.மீ. திருச்சி, கரூர், கோவை, மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர், தெப்பக்காடு. போக ஒரு நாள், வர ஒரு நாள் கழித்தால் கையில் ஒரே நாள். நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவு, சரிவு கடுமை. மேப்பில் அந்த வழி குறுக்கு என்று காட்டும், ஆனால் வெளியூர் வண்டிகளை அந்தப் பக்கம் இறங்க விடுவதில்லை. கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். தெப்பக்காடு தாண்டி பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடல்.

இதைவிடப் பெரிய விஷயம் மழை. தென்மேற்குப் பருவம் மலையின் மேற்கு முகத்தை நனைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் வந்து மோதுவது கிழக்குச் சரிவில், அதாவது பர்லியாறு, குன்னூர் சாலை இருக்கும் பக்கத்தில். மண் சரிந்து பாதை அடைபடுவது அநேகமாக இந்த மாதங்களில்தான். நீங்கள் ஏற வேண்டியதும் அதே பக்கம்.

பாபநாசம்:
மேலே சொன்னதோடு ஒன்று. அந்தக் காடுகளில் இந்தப் பருவத்தில் விலங்கு கண்ணில் படுவதே குறைவு. கோடையில் குட்டைகள் வற்றுவதால் யானை, காட்டெருமை, மான் எல்லாம் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி வரும். மழை பெய்துவிட்டால் மூலைக்கு மூலை தண்ணீர், எதுவும் வெளியே வரவேண்டிய அவசியமில்லை. உண்ணிச்செடியும் புல்லும் ஆளுயரம் வளர்ந்திருக்கும். பத்தடி தள்ளி யானை நின்றாலும் தெரியாது. வேன் சவாரி முடிந்து புள்ளிமானும் மயிலும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார்கள். காரணம் பருவம்.

அப்படியும் மலைதான் என்றால் ஆனைமலையில் உள்ள டாப்ஸ்லிப் கொஞ்சம் சுலபம், சுமார் 350 கி.மீ. பொள்ளாச்சியில் தங்கி விடியற்காலையில் சேத்துமடைச் சோதனைச்சாவடிக்குப் போய்விடுங்கள். மது, பிளாஸ்டிக் பை சோதனை உண்டு. நடைபாதையில் அட்டை இருக்கும். காலுறைக்குள் பேன்ட்டைச் செருகி, மேலே மூக்குப்பொடியோ உப்போ தடவினால் போதும். கடித்துவிட்டால் பிடுங்காதீர்கள், வாய்ப்பகுதி தோலில் தங்கிப் புண்ணாகும். நகத்தால் ஓரமாகத் தள்ளிவிடுங்கள்.

சாலையில் யானை நின்றால் தள்ளியே வண்டியை நிறுத்துங்கள். ஹாரன், ஹெட்லைட் மினுக்கல், செல்ஃபி எதுவும் கூடாது. காது விரிந்து அசையாமல் நின்றாலோ, வால் தூக்கினாலோ மெதுவாகப் பின்னால் எடுங்கள். கன்னத்தில் ஈரக்கோடு வழியும் ஆண் யானை மதத்தில் இருக்கிறது, அது கடந்து போகும்வரை காத்திருப்பதுதான் வழி.

மன்னார்குடி:
மலையில் தண்ணீர் விலங்கைக் கலைக்கும், நம் பக்கம் அதே தண்ணீர் பறவையைக் கூட்டும். மேட்டூர் தண்ணீரும் மழையும் ஏரியை நிரப்பும் நேரம் இது. "தேசியப் பூங்கா" என்ற பலகை முக்கியமா, பார்க்கக் கிடைப்பது முக்கியமா என்று வீட்டில் கேளுங்கள். 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் உங்களுக்கு ஒரு நாள் தூரத்துக்குள்தான் இருக்கின்றன.

வடுவூர் ஏரி தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையிலேயே, தஞ்சையிலிருந்து சுமார் 25 கி.மீ. மூட்டுவலிக்காரருக்கு ஏற்ற இடம், கரையில் கொஞ்ச தூரம் நடந்தாலே போதும். காலை 6 முதல் 8 வரை, இல்லாவிட்டால் மாலை 4 முதல் இருட்டும்வரை. நடுப்பகலில் போனால் நாரைகள் பாதி வயலில் இருக்கும், வாத்துகள் நடு ஏரியில் புள்ளி புள்ளியாக மிதக்கும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி கரையைத் தேர்ந்துகொள்ளுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் நீர்க்காகம் மாதிரி கறுப்பாகத்தான் தெரியும். ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்ற வலசை வாத்துகளுக்கு ஐப்பசி ஆரம்பம் சற்று முன்னதாகிவிடும். கார்த்திகை, மார்கழியில் கூட்டம் சேரும். அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நாமக்கோழி ஐப்பசியிலேயே உறுதி.

உதயமார்த்தாண்டபுரம் திருத்துறைப்பூண்டி–முத்துப்பேட்டை சாலையில். சின்ன ஏரி, அரை சதுர கி.மீ. கூட இல்லை. நத்தைகுத்தி நாரை நடுவில் நிற்கும் மரங்களில் கூடு கட்டும். சுற்றுவட்டார வயலில் நத்தை இருக்கும்வரை அது இங்கே இருக்கும். அலகு இரண்டும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டிருப்பதைப் பைனாகுலரில் பிள்ளைக்குக் காட்டுங்கள், படத்தைவிட நேரில் நன்றாக விளங்கும். ஏரியில் தண்ணீர் வராத வருடம் மட்டும் போக வேண்டாம். மரத்தடியில் தண்ணீர் நிற்காவிட்டால் நரியும் நாயும் எளிதாக நெருங்கும், அதனால் பறவை கூடு கட்டத் துணியாது.

வேதாரண்யம்:
கோடியக்கரையை யாரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இது தேசியப் பூங்கா இல்லை, 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம். 2002-இல் ராம்சர் பட்டியலில் வந்தது. ஆனால் ஒரே வளாகத்தில் புல்வெளி, காடு, சதுப்பு, உப்பளம், கடற்கரை எல்லாம் கிடைப்பது அபூர்வம்.

வழி: மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், அங்கிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கி.மீ. பெட்ரோல், சாப்பாடு, தண்ணீர், ஏடிஎம் எல்லாம் வேதாரண்யத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். அங்கே தங்க அறை கிடைக்காவிட்டால் வேளாங்கண்ணி. ஆடி, தை, மகாளய அமாவாசை நாள்களில் கடலாட வரும் கூட்டம் சாலையை நிறைத்துவிடும், அந்த நாள்களில் மான் பார்க்க நினைக்காதீர்கள்.

வெளிமானுக்கு இரண்டு நேரம்தான்: விடிந்து ஒன்றரை மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் ஒன்றரை மணி நேரம். அது புல்வெளி மிருகம், புதருக்குள் ஒதுங்குவது புள்ளிமான். கொம்பு முறுக்கிக் கறுத்திருப்பது வயது வந்த கிடா. பழுப்பு நிறத்தில் கொம்பில்லாமல் இருப்பது பெட்டை. பழுப்பாக இருந்தும் கொம்பு இருந்தால் இளங்கிடா. தூரத்தில் நின்று பார்த்தால் மேய்ந்துகொண்டே இருக்கும், நெருங்கினால் ஒன்று துள்ளும், மொத்தக் கூட்டமும் பின்னால் ஓடும். அதோடு அன்றைய காட்சி முடிந்தது. மட்டக்குதிரைகளைத் தொடப் போகாதீர்கள், அவை வளர்ப்பிலிருந்து விலகிக் காட்டில் பெருகியவை, உதைக்கும். குரங்குக்குத் தின்பண்டம் நீட்டினால் அடுத்த நிமிடம் கார் கண்ணாடி வழியாகக் கை உள்ளே வரும்.

காட்டுப்பகுதியில் பாலை, உகா, காசான் மரங்கள். புரட்டாசிக் கடைசியிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி இங்கே இறங்கி இளைப்பாறிப் போகும். சருகு கிளறும் சத்தத்தைக் கவனித்தால் கண்டுபிடிக்கலாம். ராமர்பாதம் மேடு இந்த வட்டாரத்திலேயே உயரமான இடம். சுற்றிலும் பார்க்க நல்லது, பெரியவருக்கும் சிரமமில்லை.

பூநாரைக்காக மட்டும் ஐப்பசியில் வருகிறீர்கள் என்றால் யோசியுங்கள். அது நிற்பதற்கு ஆழம் குறைந்த உவர்நீர் வேண்டும், அலகைக் கவிழ்த்து நீரை வடிகட்டித் தின்னும் பறவை. அடைமழையில் சதுப்பு நிரம்பினால் நீர்மட்டம் ஏறும், உப்பு குறையும், கூட்டம் இடம் மாறும். உள்ளான் என்ற சின்னக் கரையோரப் பறவைகளின் பாடு இன்னும் மோசம். கொசு உள்ளானின் கால் விரற்கடை நீளம், இரண்டு அங்குலம் தண்ணீர் ஏறினாலே அது இரை தேட முடியாது. ஆகவே கரையோரப் பறவைகளுக்குப் பெருமழைக்கு முந்தைய ஐப்பசி முதல் வாரங்கள், பூநாரைக்கு மழை ஓய்ந்து நீர் வடியும் மார்கழி, தை. இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்தபோது மரம் ஏராளமாகச் சாய்ந்தது, மானும் குதிரையும் மாண்டன. அதற்கு முந்தைய படங்களைப் பார்த்துவிட்டு அடர்காட்டை எதிர்பார்த்து வராதீர்கள். சீமைக்கருவேலமும் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது.

முத்துப்பேட்டை:
வரும் வழியில் அரை நாள் இங்கே ஒதுக்கலாம். ஜாம்புவானோடையிலிருந்து படகில் கோரையாற்று வழியே அலையாத்திக் காட்டுக்கும் காயலுக்கும் போவது. வனத்துறை அனுமதி வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் படகு விடமாட்டார்கள், கெஞ்சியும் பயனில்லை. காலையில் சீக்கிரம் போனால் காற்று குறைவு, படகு ஆட்டம் குறைவு. லைஃப் ஜாக்கெட் பிள்ளையின் அளவுக்கு இருக்கிறதா என்று ஏறுமுன் பாருங்கள். பெரியவர்களுக்கான ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் கழன்று மேலே வந்துவிடும்.

அலையாத்தி இலையின் அடிப்பக்கத்தில் உப்புப் படிந்திருக்கும், விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் எந்த மரம் என்று தெரியாமல் எதையும் ஒடிக்கக் கூடாது. இதே காட்டில் தில்லை மரமும் உண்டு, அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணே போகும்.

கும்பகோணம்:
நன்றி. வீட்டில் எல்லாரும் டெல்டாவுக்கே ஒத்துக்கொண்டார்கள். பைனாகுலர் வாங்கினால் எது? மழை வந்தால் சாலை எப்படி?

திருத்துறைப்பூண்டி:
பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்காகும், பிள்ளையால் பிடிக்க முடியாது.

சாலை விஷயத்தில் மூன்று எதிரிகள். முதலாவது குறுவை நெல். அறுத்த நெல்லைப் பாதிச் சாலையில் காயப்போட்டு, இரவில் குவித்துத் தார்ப்பாய் மூடி ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். இருட்டில் அந்தக் கறுப்புக் குவியல் தெரியாது. பொழுது சாய்ந்தபின் கிராமச் சாலையில் ஓட்டாதீர்கள். இரண்டாவது சாலை ஓரக் களிமண். எதிரே பேருந்து வந்தால் பதறி இடது சக்கரத்தைத் தாரை விட்டு இறக்கினால் மண் உள்வாங்கி வண்டி வாய்க்கால் பக்கம் சாயும். அகலமான இடத்தில் முன்கூட்டியே நின்று வழிவிடுங்கள். ஏரிக்கரை மேல் காரை ஏற்றவே வேண்டாம். மூன்றாவது மேய்ச்சல் வாத்து. அறுத்த வயலிலிருந்து அடுத்த வயலுக்குச் சாலையைக் கடக்கும் கூட்டத்தில் ஆயிரம் இருந்தாலும் ஹாரன் அடிக்காமல் நில்லுங்கள். சத்தத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தால் ஓட்டுகிறவருக்கு அரை மணி வேலை.

உப்பளப் பாதையில் தண்ணீர் நின்றால் இறங்கிப் பார்க்காமல் ஓட்டக் கூடாது. மேலே ஒரு சாண் தெரியும், கீழே சேறு அச்சுவரை இழுக்கும். ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள், உப்பு தங்கினால் சைலன்சரும் பிரேக் குழாயும் துருவேறும்.

வானிலை மையம் உங்கள் மாவட்டத்துக்கோ நாகைக்கோ ஆரஞ்சு எச்சரிக்கை விட்டால் கோடியக்கரையை விட்டுவிட்டு வடுவூரோடு நிறுத்துங்கள். சிவப்பு என்றால் வீட்டிலேயே இருங்கள்.

திருமானூர்:
கொள்ளிடத்துக்கு வடக்கே எங்கள் கரைவெட்டியையும் குறித்துக்கொள்ளுங்கள். 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வரித்தலை வாத்து வரும் ஏரி, ஆனால் அதற்குத் தை மாதம் வாருங்கள். தீபாவளிக்கு வேண்டாம்.

மன்னார்குடி:
தீபாவளி என்றதும் ஞாபகம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காக ஊரே பட்டாசு வெடிப்பதில்லை. நீங்களும் டிக்கியில் பட்டாசுப் பை வைத்துக்கொண்டு வராதீர்கள். வடுவூர் ஏரிப் பக்கம் ஒரு சரம் வெடித்தால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும், அன்று மாலை காத்திருப்பவர்கள் எல்லாருக்கும் வீண். முதல் நாள் மாலை வடுவூர், மறுநாள் விடியலில் கோடியக்கரை என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் நாள் காலை முத்துப்பேட்டைப் படகு முடித்து, உதயமார்த்தாண்டபுரம் பார்த்துவிட்டு, இருட்டுமுன் நீடாமங்கலம் தாண்டிவிடலாம். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தால் மட்டும் கூட அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.