கவானா: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

சமகால யூத ஆன்மிகத்தைத் தமிழில் கற்பிக்கவோ எழுதவோ தொடங்கினால் முதலில் இடறுவது ‘கவானா’ என்ற எபிரேயச் சொல். உடல் செய்யும் சடங்கையும் உள்ளத்தையும் சேர்த்துக் கட்டும் சொல் இதுதான். இது கோணினால் பாடம் முழுவதும் கோணிவிடும்.

ஒலியை வைத்துக் ‘கவனம்’ என்று எழுதிவிடத் தோன்றும். அந்த ஒற்றுமை தற்செயலானது. சாலையைக் கடக்கவும் கவனம் வேண்டும். கவானாவின் வேருக்கோ நேராக்குதல், குறிவைத்தல் என்பவை பொருள். அதற்கு எதிரே ஒரு முனை இருந்தாக வேண்டும்.

பொ.ஆ. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத்தொகுப்பான மிஷ்னாவில் இதற்கு இரண்டு நல்ல சான்றுகள் உள்ளன. கழுதைமேல் போகிறவர் வேண்டுதல் நேரம் வந்தால் இறங்க வேண்டும். இறங்க முடியாவிட்டால் முகத்தைத் திருப்பலாம். அதுவும் முடியாவிட்டால் நெஞ்சையாவது எருசலேம் ஆலயத்தின் மகா பரிசுத்த இடத்தை நோக்கி வைக்க வேண்டும். இன்னோரிடத்தில், தொழுகைக்கூடத்தின் பின்புறமாகப் போகிறவர் காதில் ஷோஃபார் கொம்பொலி விழுகிறது. நெஞ்சை அதில் வைத்திருந்தால் ஷோஃபார் கேட்கும் கடமை நிறைவேறியது, இல்லாவிட்டால் இல்லை. காது கேட்டது ஒரே ஒலிதான்.

இரண்டிலும் வருவது நெஞ்சும் நோக்கும். எனவே என் பரிந்துரை: நெஞ்சநோக்கு. ‘கிழக்கு நோக்கி’ என்பதில் திசை, ‘நோக்கம்’ என்பதில் கருத்து. ஒரே வேரில் இரண்டும் கிடைக்கின்றன. ‘உள்நோக்கம்’ வேண்டவே வேண்டாம், அதில் சூது ஏறிவிட்டது.

——

> என் பரிந்துரை: நெஞ்சநோக்கு

ஐயா, இரண்டு தடைகள் தெரிகின்றன. தமிழ் முஸ்லிம்களிடம் ‘நிய்யத்’ வழக்கில் இருக்கிறது. ஷோஃபார் சான்றுக்கு, அதாவது கடமையை நிறைவேற்றும் எண்ணத்துக்கு, அதைவிடப் பொருந்தும் சொல் இல்லை. புதிதாக ஏன் ஆக்க வேண்டும்? அடுத்து, ‘நோக்கு’ இன்று ‘பார்வை’ என்ற பொருளில் ஓடுகிறது. ‘வரலாற்று நோக்கு’ என்கிறோமே. கண்ணை மூடி நெஞ்சைப் பார்க்கும் தியானம் என்று மாணவர் எடுத்துக்கொண்டால்?

இன்றைய குழுக்களில் கவானா என்பது சடங்குக்குமுன் படிக்கும் இரண்டு மூன்று வரிகளுக்கும் பெயர். மாசசூசெட்ஸின் நியூட்டனில் 2004-இல் திறந்த மாயிம் ஹய்யிம் என்னும் மிக்வேயில் (சடங்கு முழுக்குக்கான நீர்நிலையில்), முழுக்குக்கு ஆயத்தமாகும்போது படிக்கும் சிற்றுரைகளைக் கவானோத் என்றே பன்மையில் அழைக்கிறார்கள். அதற்கும் இதே சொல்லா?

——

> கண்ணை மூடி நெஞ்சைப் பார்க்கும் தியானம் என்று

அம்மா, இந்த அச்சம் நியாயமானது. சொல் மட்டும் அதைத் தீர்க்காது. உடல் செய்முறையோடு சேர்த்துக் கற்பித்தால்தான் தீரும். நின்றபடி சொல்லும் வாழ்த்துகளின் தொடரான அமீதா வேண்டுதலை எடுத்துக்கொள்வோம். மூன்றடி பின்சென்று, மூன்றடி முன்வந்து, பாதங்களை ஒட்டி நிற்க வேண்டும். முதல் வாழ்த்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ‘பாருக்’ (வாழ்த்தப்பெற்றவர்) என்னும்போது முழங்கால் மடியும், ‘அத்தா’ (நீர்) என்னும்போது முதுகு வளையும், இறைவன் பெயரைச் சொல்லும்போது நிமிர்ந்துவிட வேண்டும். எபிரேயத்தில் முழங்காலுக்குப் பெயர் ‘பெரெக்’. ‘பாருக்’கின் அதே வேரெழுத்துகள்.

தமிழில் பெயர்த்தால் இங்கேதான் பிசகும். ‘ஆண்டவரே, நீர் வாழ்த்தப்பெறுவீராக’ என்றால் பெயர் முன்னே வந்துவிடுகிறது, வாழ்த்து கடைசிக்குப் போகிறது. நிமிர வேண்டிய சொல்லில் குனிய நேரும். ஆகவே இந்த மூன்று சொற்களையும் எபிரேய ஒலியிலேயே தமிழ் எழுத்தில் அச்சிட்டு, பொருளை அடுத்த வரியில் தர வேண்டும்.

இந்த அசைவுகளுக்கு உள்ளே நடப்பதுதான் நெஞ்சநோக்கு. அது மனத்தை வெறுமையாக்குவது அல்ல. உதடு சொல்லும் சொற்களின் பொருளை நெஞ்சில் வைத்து, இறைமுன்னிலை எதிரே இருப்பதாக எண்ணச் சொல்கிறது 16-ஆம் நூற்றாண்டின் யூதச் சட்டநூலான ஷுல்ஹான் அரூக். முதல் வாழ்த்திலாவது இது வேண்டும் என்பது விதி. அங்கே தவறினால் திரும்பச் சொல்ல வேண்டாமா என்ற கேள்விக்கு அந்நூலுக்குக் குறிப்புகள் சேர்த்த ரமா (மோசே இஸ்ஸர்லெஸ்) எழுதிய குறிப்பு மிக நேர்மையானது: இக்காலத்தில் திரும்பச் சொல்வதில்லை, இரண்டாம் முறையும் நெஞ்சு நிற்காமல் போகலாம். அறிமுக வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. நெஞ்சு அலைந்தவுடன் தோற்றுவிட்டதாக எண்ணிக் கைவிடுபவர்கள் பலர்.

நிய்யத் பற்றி: ஷோஃபார் பொருளுக்கு அது மிக நெருக்கம் என்பதை ஏற்கிறேன், அகராதிப் பதிவில் ஒப்புச்சொல்லாகக் கட்டாயம் சேர்ப்போம். தலைச்சொல்லாக்கினால் அமீதா முழுதும் நீளும் பொருள் விடுபடும். ‘சங்கற்ப’த்தை நான் ஏற்காததும் இதனால்தான், சடங்கின் வாயிலில் அது முடிந்துவிடுகிறது.

முன்னுரை வரிகளுக்கு நோக்குரை என்று தனிச்சொல் வைக்கலாம். “நோக்குரையைப் படித்தபின் நெஞ்சநோக்கோடு நீரில் மூழ்குக” என்று எழுதிப் பார்த்தேன், குழப்பம் வரவில்லை. யூத மறைஞானி இசாக் லூரியாவின் மரபில் வரும் எழுத்துச் சேர்க்கைத் தியானங்களும் கவானோத்தான். அவற்றுக்கு நோக்குரை பொருந்தாது. அங்கே மூலச்சொல்லையே வைத்துக்கொள்ளலாமா?