39 வயதில் மாதவிடாய் நின்றுவிட்டது: மாத்திரை எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி (ஒட்டுசுட்டானிலிருந்து)

சகோதரிகளுக்கு வணக்கம். எனக்கு வயது 39. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் காசாளராக இருக்கிறேன். 11 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். சென்ற ஆண்டு வைகாசியில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று துடக்கு வந்துவிடுமோ என்று கலண்டரில் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஆனியிலும் வரவில்லை, ஆடியிலும் வரவில்லை.

நான் பயப்படாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்து, பிறகு செட்டிகுளம் முகாமில் இருந்தபோது, எனக்கு ஏழு மாதங்கள் மாதவிடாய் வரவில்லை. எங்கள் கூடாரத்திலிருந்த வேறு பெண்களுக்கும் அப்படித்தான் இருந்தது. துணி மாற்ற மறைவிடம் இல்லாத இடத்தில் வராமலிருப்பதே நல்லது என்றுகூடப் பேசிக்கொண்டோம். வயிறு நிறையச் சாப்பிடத் தொடங்கியபின் அது தானாக வந்தது. இம்முறையும் அப்படித்தான் வரும் என்று பத்து மாதங்கள் காத்திருந்துவிட்டேன்.

ஒருநாள் பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டிருக்கையில் நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் நெருப்பு ஏறியது போலிருந்தது. நெற்றி வியர்வை சொட்டிச் சீட்டிலிருந்த எழுத்துகள் கரைந்தன. முதலில் பார்த்த வைத்தியர், மன அழுத்தம் என்று சொல்லி விற்றமின் மாத்திரை தந்து அனுப்பிவிட்டார். இரண்டாவது வைத்தியர்தான் ஆறு வார இடைவெளியில் இருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்து, சூலகங்கள் வேலையை நிறுத்திவிட்டன, 50 வயதுவரை ஓமோன் மாத்திரை எடுக்க வேண்டும் என்றார். மகளின் குழந்தைச் சட்டைகளை இரண்டாவது பிள்ளைக்கென்று றங்குப்பெட்டியில் வைத்திருக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியைத் திறக்க என்னால் முடியவில்லை.

அம்மா, ஓமோன் எடுத்தால் புற்றுநோய் வரும், நின்றது நின்றதாக இருக்கட்டும் என்கிறார். மாத்திரை எடுக்கத்தான் வேண்டுமா? அன்று பட்டினி கிடந்ததுதான் இதற்குக் காரணமா?

பதில் 1 (கிளிநொச்சி, ஓய்வுபெற்ற தாதி)

தங்கச்சி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் உங்களை அதிகம் வருத்துகிறது என்று நினைக்கிறேன். பட்டினியிலும் பயத்திலும் மாதவிடாய் நிற்கும்போது சூலகம் கெடுவதில்லை. மூளை அதற்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவைக்கிறது, உடம்பு தேறியதும் மீண்டும் அனுப்புகிறது. இப்போது உங்களுக்கு நடந்திருப்பது அதற்கு நேர்மாறானது. மூளை எப்.எஸ்.எச். என்ற ஓமோனை அளவுக்கு மேல் அனுப்பியும் சூலகம் பதில் தரவில்லை. அந்த அளவைத்தான் இருமுறை பார்த்தார்கள். 40 வயதுக்கு முன் இப்படி நிற்பது நூறு பெண்களில் ஒருவர் முதல் நால்வர் வரையானவர்களுக்கு நேர்கிறது, பெரும்பாலும் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. தைரொயிட் பரிசோதனை செய்யவில்லையென்றால் அதையும் கேட்டுச் செய்யுங்கள்.

மாத்திரையை எடுங்கள். அம்மா சொல்லும் பயம், 2002இல் வெளிவந்த, ஓமோன் மாத்திரை பற்றிய அமெரிக்க ஆய்வொன்றோடு உலகெங்கும் பரவியது. அதில் பங்குகொண்ட பெண்களின் சராசரி வயது 63. உங்கள் வயதில் உடம்பு தானே சுரந்திருக்க வேண்டியதைத்தான் மாத்திரை ஈடுசெய்கிறது. அது இல்லாமல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோனை மட்டும் தனியே எடுக்கக்கூடாது, புரொஜெஸ்டரோன் என்ற ஓமோனும் சேர வேண்டும். சீட்டில் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி போன்றவை உங்களுக்கு இருந்திருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று: இந்நிலையிலும் நூறில் ஐந்து பேரளவில் கருத்தரிக்கிறார்கள். அதை நம்பியிருங்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்தச் சட்டைகளை இன்றே யாருக்கும் கொடுத்துவிட வேண்டியதுமில்லை.

பதில் 2 (முல்லைத்தீவு)

எனக்கு 41இல் நின்றது, இப்போது 47. கணவர் இல்லாத நான் இதைப்பற்றி வைத்தியரிடம் போய்க் கேட்டால் ஊர் என்ன நினைக்குமோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். இரவில் வியர்வையில் நனைந்து எழும்பி, சட்டை மாற்றி, விடியும்வரை விழித்திருந்த நாள்கள் கணக்கில்லை. சென்ற மாரியில் கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தேன்; சின்ன விழுகைதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு தேய்ந்திருக்கிறது என்று அப்போதுதான் சொன்னார்கள். இப்போது குரக்கன், நெத்தலிக் கருவாடு, முருங்கையிலை, தயிர் எல்லாம் கவனமாகச் சாப்பிடுகிறேன், மாலையில் குளக்கட்டில் நடக்கிறேன். ஆனால் சாப்பாடு மட்டும் போதும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணவரோடு சேர்வது நோவாக இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள் தங்கச்சி, அதற்கும் மருந்து இருக்கிறது.

கேட்டவர்

அக்காமார் இருவருக்கும் நன்றி. சீட்டை எடுத்துப் பார்த்தேன், இரண்டு மருந்தும் எழுதியிருக்கிறது. நேற்றிரவு முதல் மாத்திரையைப் போட்டேன். அம்மாவுக்கு முதல் பதிலை வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர்ச் செம்பை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தார். தைரொயிட் பரிசோதனைக்குச் செவ்வாய்க்கிழமை கிளிநொச்சிக்குப் போகிறேன்.