திசைச்சொல் என்பது வட்டாரச் சொல்லா, பிறமொழிச் சொல்லா?

கேள்வி:
பள்ளிப் பாடநூல்களில் சாவி, சன்னல் போன்றவை திசைச்சொற்கள் என்று படித்திருக்கிறேன். ஆனால் தொல்காப்பிய உரைகளைப் புரட்டினால், தென்பாண்டி நாட்டார் ஆவைப் 'பெற்றம்' என்பதும் குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பதும் எடுத்துக்காட்டாக வருகின்றன. இவை தமிழ்ச் சொற்களாகவே தோன்றுகின்றன. வட்டாரச் சொற்களைப் பற்றிய என் கட்டுரையில் இக்கலைச்சொல்லை எப்பொருளில் ஆள்வது?

மறுமொழி 1:
உங்கள் ஐயம் நியாயமானது. தொல்காப்பியம் 'செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும் தங்குறிப் பினவே திசைச்சொற் கிளவி' என்கிறது. செந்தமிழ் நிலத்தை அடுத்த பகுதிகளில் வழங்கும் சொற்களே அதற்குத் திசைச்சொல். என் கருத்தில், போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த சாவியை இந்நூற்பாவுக்குள் அடக்குவது பொருந்தாது.

மறுமொழி 2:
முன்னவர் சொன்னது தொல்காப்பியத்தளவில் சரி. ஆனால் வரலாறு அங்கே நின்றுவிடவில்லை. நன்னூல் அந்தப் பன்னிரு நிலத்தோடு 'ஒன்பதிற்று இரண்டினில் தமிழொழி நிலத்தினும்' என்று சேர்த்துக்கொள்கிறது. அதாவது பதினெண் நிலங்களுள் தமிழ்நிலம் நீங்கலாக எஞ்சிய பதினேழும் உள்ளே வந்துவிடுகின்றன. அந்நிலங்களை அடுக்கும் பழம்பாடலில் துளு, கன்னடம் மட்டுமல்லாமல் சிங்களம், சாவகம், சீனம் ஆகியவையும் உண்டு. கடல் கடந்த நாடுகளின் சொற்களுக்கே இடம் கொடுத்த வரையறையைச் சாவிக்கும் சன்னலுக்கும் நீட்டியதில் பிழை காண முடியாது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் ஆகிய நான்கையும் தொல்காப்பியர் 'செய்யுள் ஈட்டச் சொல்லே' என்றுதான் தொகுக்கிறார். திசைச்சொல் என்பது செய்யுளில் வரத்தக்க சொல்லுக்கு அவர் இட்ட பெயர். ஒரு சொல்லை விலக்கி வைப்பதற்கு இட்டதன்று. நாயைக் குறிக்கும் பூழிநாட்டு வழக்காக உரைகள் காட்டும் 'ஞமலி' அகநானூற்றில் இயல்பாக வந்து அமர்ந்திருக்கிறது. 'அது வெறும் திசைச்சொல்' என்று இன்று சிலர் தாழ்த்திப் பேசுவதைக் கேட்கையில் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. அப்படியானால் வடமொழிச் சொற்களையும் திசைச்சொல் எனலாமா?

மறுமொழி 2:
கூடாது. அவற்றுக்கு வடசொல் என்ற தனி வகையே உண்டு. உங்கள் கட்டுரையில் இன்றைய பேச்சைக் குறிக்க 'வட்டார வழக்கு' என்றும், சாவி போன்றவற்றுக்குக் 'கடன்சொல்' என்றும் எழுதுங்கள். திசைச்சொல் என்று எழுதும் இடத்தில் தொல்காப்பியப் பொருளா, நன்னூல் பொருளா என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் படிப்பவர் குழம்பமாட்டார்.