'நைட் அண்ட் டே' பார்த்தேன்: கோல் போர்ட்டர் இப்படித்தான் வாழ்ந்தாரா?

வெண்பா_கோவை:
வணக்கம். அமெரிக்க இசையமைப்பாளர் கோல் போர்ட்டரின் வாழ்க்கைக் கதை என்று 1946-ல் வந்த 'நைட் அண்ட் டே' படத்தை நேற்று பார்த்தேன். பாட்டுகள் அருமை, ஆனால் கதை மனசில் ஒட்டவே இல்லை. போரில் காயம், ஆஸ்பத்திரியில் நர்ஸாக வரும் காதலி, கல்யாணம், பிரிவு, கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள். கடிகாரம் டிக்டிக் என்கிறது, மழை சொட்டுகிறது, உடனே பாட்டு பிறந்துவிடுகிறது! நிஜத்தில் என்ன நடந்தது? கெர்ஷ்வின், கெர்ன் என்ற இசையமைப்பாளர்கள் பற்றியும் இப்படிப் படங்கள் உண்டாமே, அவற்றைப் பார்க்கலாமா?

மாடி_கிராமபோன்:
தாராளமாகப் பாருங்கள். ஆனால் வாழ்க்கை வரலாறு என்று நினைத்து உட்காராதீர்கள்.

'நைட் அண்ட் டே' என்ற அந்தப் பாட்டு போர்க்கால ஆஸ்பத்திரியில் பிறந்ததல்ல. 1932-ல் நியூயார்க்கின் பிராட்வே நாடகம் ஒன்றில் ஃப்ரெட் அஸ்டேர் பாடுவதற்காக எழுதியது. போர்ட்டரின் நிஜ மனைவி லிண்டா அவரைவிட ஏறக்குறைய 8 வயது மூத்தவர். படத்தில் லிண்டாவாக வரும் அலெக்சிஸ் ஸ்மித்தோ, போர்ட்டராக நடித்த கேரி கிராண்டைவிட 17 வயது இளையவர். போர்ட்டர் ஆண்களை நேசித்தவர். அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் அதைத் தொடவே விடாது. அந்த மனிதரின் மையத்தையே எடுத்துவிட்ட பிறகு எழுதுவதற்குக் கதை ஏது? 1937-ல் குதிரை விழுந்து இரண்டு கால்களும் நொறுங்கியது மட்டும் உண்மை.

இவ்வளவு பொய் இருந்தும் நான் இந்தப் படங்களை விடாமல் பார்க்கக் காரணம், பாட வருகிறவர்கள். 'ராப்சடி இன் ப்ளூ'வில் (1945) கெர்ஷ்வினின் காதலிகள் இருவரும் கற்பனை. ஆனால் 'சம்மர்டைம்' பாடுவது ஆன் பிரவுன். 1935-ல் கெர்ஷ்வினின் இசை நாடகமான 'போர்கி அண்ட் பெஸ்' முதன்முதலில் மேடையேறியபோது பெஸ்ஸாக நின்ற அதே பெண்மணி! படத்துக்குப் பெயர் தந்த கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் ப்ளூ' இசைப்படைப்பை 1924-ல் அரங்கேற்றிய பால் வைட்மேனே படத்திலும் அதை நடத்துகிறார். கெர்ஷ்வினின் நண்பர் ஆஸ்கர் லெவன்ட் லெவன்டாகவே வந்து பியானோ வாசிக்கிறார். கெர்ஷ்வின் 38 வயதில் மூளைக்கட்டியால் இறந்து எட்டே வருடம்தான் ஆகியிருந்தது. அவரோடு பழகிய விரல்கள் அவை. அந்தக் காட்சிகளை நான் ஆவணமாகத்தான் பார்க்கிறேன்.

ஜெரோம் கெர்ன் படமான 'டில் த கிளவுட்ஸ் ரோல் பை' (1946) எனக்கு இன்னும் முக்கியம். ஆரம்பத்திலேயே 'ஷோ போட்' நாடகம் வருகிறது. அதில் ஜூலியாக லீனா ஹார்ன் பாடுவதைத் தவறவிடாதீர்கள். 1951-ல் இதே படத்தை எடுத்த எம்ஜிஎம் நிறுவனம் 'ஷோ போட்'டை முழுப்படமாக எடுத்தபோது, கலப்பினப் பெண்ணான ஜூலியின் வேடம் வெள்ளைக்கார ஏவா கார்ட்னருக்குப் போனது, பாட்டும் இரவல் குரலில். லீனா எப்படிச் செய்திருப்பார் என்பதற்கு நம்மிடம் இருப்பது இந்தச் சில நிமிடங்கள்தான். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. கெர்ன் படத்தில் 'ஓல் மேன் ரிவர்' பாட்டைத் தொடக்கத்தில் கேலப் பீட்டர்சன் பாடுகிறார். மூட்டை சுமக்கும் கறுப்பினத் தொழிலாளியின் பாட்டு அது. முடிவில் வெள்ளை சூட்டும் வெள்ளை மேடையுமாக சினாட்ரா மறுபடி பாடுகிறார். குரலில் குறையே இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டை அப்படி மினுக்கியிருக்கக் கூடாது.

தஞ்சை_செல்வம்:
மாடி அண்ணா, கதையே இல்லை என்று ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். 'யாங்கி டூடுல் டாண்டி' (1942)? பாட்டெழுதி மேடையில் ஆடிய கோஹனின் கதை அது. அவரது இரண்டு மனைவிகளை ஒருவராக்கிவிட்டார்கள், சரி. ஆனால் குடும்பமே ஊர் ஊராக மேடையேறிப் பிழைத்த கஷ்டம் நன்றாக வந்திருக்கிறது. கோஹனாக நடித்த காக்னியும் நாடக மேடையில் ஆடி வளர்ந்தவர், கோஹனின் விறைத்த கால் ஆட்டத்தை அப்படியே பிடித்திருப்பார். ஆஸ்கர் சும்மா கிடைக்கவில்லை.

மாடி_கிராமபோன்:
ஒத்துக்கொள்கிறேன் செல்வம், காக்னி தனி ரகம். ஆனால் அங்கேயும் என்னைக் கட்டிப்போடுவது அவர் கால்கள்தான், வசனம் அல்ல.

வெண்பா_கோவை:
இருவருக்கும் நன்றி. ஒன்றே ஒன்று முதலில் பார்ப்பதென்றால் எது?

மாடி_கிராமபோன்:
'த்ரீ லிட்டில் வேர்ட்ஸ்' (1950). கால்மர், ரூபி என்ற, சேர்ந்து பாட்டுக் கட்டிய இரட்டையர் கதை. ஒருவருக்கு மேஜிக் பைத்தியம், மற்றவருக்குப் பேஸ்பால் பைத்தியம், அது நிஜம்தான். அஸ்டேரும் ரெட் ஸ்கெல்டனும் சண்டை போட்டுக்கொண்டே பாட்டுக் கட்டுவார்கள். நீங்கள் தேடிய 'எப்படி எழுதினான்' இதில்தான் கொஞ்சமாவது இருக்கிறது. பாடகி ஹெலன் கேனாக டெபி ரெனால்ட்ஸ் வரும் இடத்தில் கண்ணை மூடிக் கேளுங்கள்: வாயசைப்பது டெபி, பாடுவது ஹெலன் கேனேதான்.