சிகாராகி பூஜாடி கசிகிறது, என்ன செய்யலாம்?

நீலாம்பரி:
எல்லோருக்கும் வணக்கம். ஷிகா மாநிலத்தில் ஓத்ஸுவில் இருக்கிறேன். இகெபானா என்ற ஜப்பானியப் பூ அலங்கார வகுப்பில் சேர்ந்து இரண்டு வருடம். இதுவரை வகுப்பில் தரும் தட்டையான சுயிபான் தட்டில்தான் கென்ஸான் என்ற முள்கட்டையை வைத்து, அதன் முள்ளில் தண்டைக் குத்திப் பழக்கம். போன மாத விடுமுறையில் மண்பாண்டத்துக்குப் பெயர்போன சிகாராகி ஊர்ச் சந்தைக்குப் போனவள் ஒரு ஜாடியைப் பார்த்துவிட்டேன். ஒரு சாண் உயரம்தான். தோள் புடைத்து, கழுத்து குறுகி, முழங்காலைக் கட்டிக்கொண்டு யாரோ குந்தியிருப்பது போல இருக்கும். அந்த வடிவத்துக்கு உசுகுமாரு என்று பெயராம். கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு பூசாதது. ஒரு தோளில் மட்டும் விறகுச் சாம்பல் சூளையிலேயே உருகி, பச்சையாக வழிந்து நின்றுவிட்டிருக்கிறது. 9,000 யென். வீட்டில் 6,000 என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று அதில் ஒரே ஒரு ஹோதாருபுகுரோ (மணி வடிவப் பூ) தண்டு வைத்தேன். காலையில் தூக்கிப் பார்த்தால் செருப்பு அலமாரியின் மேல் வட்டமாக ஈரம், மரம் வெளுத்திருக்கிறது. வாடகை வீடு! செய்தவர் விற்கும்போதே சொல்லியிருக்கவும் கூடும். என் ஜப்பானிய மொழிக்கு ‘ஹாய், ஹாய்’ என்று தலையாட்டத்தான் தெரியும். திருப்பிக் கொடுக்கலாமா?

வடிகஞ்சி:
திருப்பியெல்லாம் கொடுக்காதீர்கள் அக்கா. புது மண்சட்டியை ஊரில் எப்படிப் பழக்குவோம்? அரிசி கழுவின தண்ணீர், வடிச்ச கஞ்சி. இங்கேயும் அதே வைத்தியம்தான், மெதோமே என்பார்கள். கஞ்சியிலுள்ள மாவு மண்ணின் கண்களை அடைத்துவிடும். நான் வாங்கிய மண்பானையில் முதலில் கஞ்சிதான் காய்ச்சினேன், அப்புறம் ஒரு சொட்டு கசியவில்லை.

சூளைப்பக்கம்:
நான் ஒகாயாமாவில் பல வருடம் இருந்தவன், வீட்டில் அந்தப் பக்கத்துக் கிளேஸ் இல்லாத பிசென் மண் ஜாடிகள் ஏழெட்டு உண்டு. தம்பி சொன்ன கஞ்சி சமையல் பானைக்குச் சரி, அது தினமும் அடுப்பில் காய்கிறது. குறுகிய கழுத்து ஜாடிக்குள் கை போகாது, காற்றும் போகாது. ஒரு ஜூன் மாத மழையில் நானும் கஞ்சி ஊற்றிப் பார்த்தேன். நாலாம் நாள் வீட்டுக்குள் நுழைந்தால் புளித்த மாவு வாடை. உள்ளே டார்ச் அடித்தால் பூஞ்சை. அந்த ஜாடியை மறுபடி மனுஷ ஜாடியாக்க ஒரு மாதம் வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டியிருந்தது.

முதலில் கசிவு எந்த வகை என்று பாருங்கள். வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, தண்ணீர் நிரப்பி, செய்தித்தாள் மேல் ஒரு ராத்திரி வையுங்கள். அடிப்பக்கம் முழுக்க வட்டமாக நனைந்தால் அது மண் வியர்ப்பது. சிகாராகி மண் கொரகொரப்பானது, கிளேஸும் இல்லையென்றால் கொஞ்சம் வியர்க்கத்தான் செய்யும். ஒரே இடத்தில் கோடாக ஈரம் வந்தால் விரிசல், அப்போது செய்தவரிடம் காட்டலாம்.

வியர்வைதான் என்றால், பூ வைக்கும் முன் ஜாடியை முழுசாகத் தண்ணீரில் முக்கி ஊற விடுங்கள். தேநீர்ச் சடங்கு நடத்துபவர்கள் எப்படியும் இதைச் செய்வார்கள். கசிவு குறைகிறதோ இல்லையோ, நனைந்த மண்ணில் செம்மை ஏறி நிற்பதைப் பார்க்கவே செய்யலாம். கீழே உசுஇதா என்ற மெல்லிய பலகையும் கட்டாயம். கிளேஸ் இல்லாத மண் ஜாடிக்கு வட்டப் பலகைதான் வழக்கம், வெண்கல ஜாடிக்கு வேறு.

ஓத்ஸுவில் இருந்துகொண்டு கசிவுக்கு அழலாமா? 1590-இல் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷியின் ஓதவாராக் கோட்டை முற்றுகையின்போது, தேநீர்ச் சடங்கின் பெரிய ஆசான் சென் நோ ரிக்யூ ஒரு மூங்கிலை வெட்டிப் பூக்குழாய் செய்தார். அதன் முகப்பிலேயே விரிசல். உங்கள் ஊர் மீஇதெராவில் விரிசல் விட்ட பழைய மணி இருக்கிறதல்லவா, அந்தக் கோயிலின் இன்னொரு பெயரான ஓன்ஜோஜிதான் இந்தக் குழாய்க்கும் பெயராயிற்று. தண்ணீர் கசிந்து பாய் நனைகிறதே என்று விருந்தாளி கேட்டதற்கு, அந்தக் கசிவில்தான் இதன் உயிரே இருக்கிறது என்று பதில் வந்ததாகக் கதை. குழாய் இப்போது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் ரிக்யூ வாடகை வீட்டில் இல்லை. பலகை போடுங்கள்.

மூன்றாம்மாடி:
கடையில் சிலிகோன் கலந்த கசிவுத் தடுப்பு திரவம் கிடைக்கிறது. உள்ளே ஊற்றி வைத்து, வடித்து, நன்றாகக் காயவிட வேண்டும். இரண்டு வருடமாக என் ஜாடி கசியவில்லை. சூளைப்பக்கம் ஐயா கோபிப்பார், தெரியும்.

சூளைப்பக்கம்:
கோபமில்லை. வெளிப்பக்கம் வழியாமல் ஊற்றினால் சரி. வழிந்த இடத்தில் தண்ணீர் முத்து முத்தாக உருளும், நனைந்த நிறம் அங்கே வராது. அதனால் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீலாம்பரி:
செய்தித்தாள் வைத்துப் பார்த்தேன், நல்ல வட்டம், கோடு எதுவும் இல்லை. பலகைக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அலமாரியில் அந்த வெள்ளை வட்டத்தின் மேல் இப்போதைக்குச் சாவிக் கிண்ணம் உட்கார்ந்திருக்கிறது. ஜாடி குளியல் தொட்டியில் ஊறுகிறது, அரை மணி நேரமாகக் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. அவர் துண்டோடு வெளியே நின்று, “ஆறாயிரம் யென் ஜாடிக்கு இத்தனை மரியாதையா?” என்கிறார்.