யூக்கா மலை: எரிமலை ஆபத்தை எப்படிக் கணக்கிட்டார்கள்?

கேள்வி (கருங்கல்):
நெவாடாவின் யூக்கா மலையில் சுமார் 300 மீட்டர் ஆழத்தில் கதிரியக்கக் கழிவைப் புதைக்கத் திட்டமிட்டார்கள். அங்கே எரிமலை வெடிக்கும் வாய்ப்பை எண்ணாகச் சொன்னது எப்படி? பக்கத்தில் இருப்பதோ சில சிறு எரிமலைக் கூம்புகள்தானே?

பதில் (பசால்ட்):
அந்தச் சில கூம்புகள்தான் சிக்கலே. தெற்கே ஏறக்குறைய 20 கி.மீ.யில் உள்ள லாத்ராப் வெல்ஸ் கூம்பின் வயது சுமார் 77,000 ஆண்டு. பக்கத்துச் சமவெளியான கிரேட்டர் ஃபிளாட்டில் உள்ள கூம்புகளுக்குச் சுமார் 10 லட்சம். தரவு இவ்வளவு குறைவாக இருந்ததால் 1996-இல் 10 நிபுணர்களிடம் தனித்தனியாக மதிப்பீடு வாங்கித் தொகுத்தார்கள். கழிவுக் கிடங்கைப் பாறைக்குழம்பு (மாக்மா) வெட்டும் சராசரி வாய்ப்பு ஆண்டுக்குச் சுமார் 7 கோடியில் 1. விதியின் வரம்பு 10 கோடியில் 1; வாய்ப்பு அதைவிடக் குறைவென்றால் ஒதுக்கிவிடலாம். வரம்பைத் தாண்டியதால் விளைவையும் கணக்கிட்டே ஆகவேண்டும்.

பதில் (சாம்பல்மேடு):
கூம்பை மட்டும் எண்ணினால் தப்புக் கணக்கு வரும். குழம்பு மேலேறுவது ஓரிரு மீட்டர் அகலமும் சில கி.மீ. நீளமும் உள்ள சுவர் போன்ற பிளவில். கூம்பு கிடங்குக்கு வெளியே முளைத்தாலும் பிளவின் நுனி சுரங்கத்தை வெட்டலாம். ஆகவே பிளவின் நீளத்தையும் திசையையும் சேர்த்தே கணக்கிடணும்.

விளைவும் இரண்டு வகை. குழம்பு சுரங்கத்தில் புகுந்து கலன்களைச் சிதைத்தால், கழிவு பின்னர் நிலத்தடி நீரில் கரையும். மேலே பீறிட்டால் சாம்பலோடு காற்றில் போகும்.

பதில் (பசால்ட்):
வயதையும் கவனிங்க. எரிமலைக் கரும்பாறையான பசால்ட்டில் பொட்டாசியம் சிதைந்து உண்டான ஆர்கான் வாயுவை அளந்து வயதைக் கணிப்பார்கள்; இளம் பாறையில் அது மிகச் சொற்பம். பழைய பாறைத் துணுக்கு கலந்தால் கணித்த வயது கூடிவிடும்.