விதையா, போத்தா? எங்கள் தெருக் குழுவில் ஒரு மாலைப் பேச்சு

மாடிவீட்டுத் தம்பி, 6:10
அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கொல்லையில் ஒரு சென்ட் இடத்துக்கும் குறைவாகச் சும்மா கிடக்கிறது. வெண்டை, கொத்தவரை என்று பருவந்தோறும் விதைக்க எனக்கு நேரம் இல்லை. ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் பறிக்கும்படி எவற்றை வைக்கலாம்?

கடைசி வீட்டு அக்கா, 6:14
முருங்கை, கோவை, சுண்டை, கறிவேப்பிலை, ஒரு பப்பாளி ஆகியவை அந்த இடத்துக்குப் போதும், தம்பி.

மாடிவீட்டுத் தம்பி, 6:15
கோவைப்பழம் ஒன்றிலிருந்து விதை எடுத்து உலர்த்தி வைத்திருக்கிறேன், அக்கா.

வாத்தியார் ஐயா, 6:22
அந்த விதையை நம்ப வேண்டாம், தம்பி. கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. விதையிலிருந்து முளைப்பது எது என்பது பூக்கும் வரை தெரியாது என்பதால், பந்தல் முழுவதும் படர்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்தும் ஒரு காய்கூடத் தராத கொடிக்கு நீங்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க நேரலாம். பெண் பூவின் அடியில் பிஞ்சு தெரியும், ஆண் பூவில் அது இருக்காது. நன்றாகக் காய்க்கிற பெண் கொடியிலிருந்து, பென்சில் பருமனுள்ள முற்றிய தண்டை நான்கைந்து கணுக்களோடு வெட்டி நடுங்கள்.

மாடிவீட்டுத் தம்பி, 6:24
பப்பாளிக்கும் இதே சிக்கல் உண்டா, ஐயா?

வாத்தியார் ஐயா, 6:31
உண்டு, ஆனால் அதை விதையில்தான் வளர்க்க வேண்டியிருப்பதால் ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கோ 2 ரகத்தில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியாக வரும், கோ 7 ரகத்திலோ பெண் மரங்களும் இருபால் மரங்களும் மட்டுமே வருவதால் எல்லாமே காய்க்கும். ஒற்றை மரம் வைக்கிறவருக்குப் பின்னதே ஏற்றது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும் என்பதால் மேடான பக்கத்தில் வையுங்கள்.

எதிர்வீட்டுப் பெரியம்மா, 6:35
முருங்கைக்கு நான் போத்து, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளை, தருகிறேன், தம்பி. முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பார்கள். அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள். மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும், ஆகையால் படுக்கையறைச் சன்னல் ஓரமாக வைத்துவிடாதே.

வாத்தியார் ஐயா, 6:41
பெரியம்மா தரும் போத்து மூன்றடி நீளம் இருந்தால் நல்லது. இடம் குறுகலாக இருப்பதால் செடிமுருங்கையையும் எண்ணிப் பார்க்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம் 1 ரகம் விதைத்த ஆறு மாதத்திலேயே காய்க்கும். செடி இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டு, ஒவ்வொரு காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டினால், மறுதாம்பாக, அதாவது வெட்டிய அடியிலிருந்து மீண்டும் துளிர்த்து, மேலும் சில ஆண்டுகள் காய்க்கும். அதன் பிறகு புதிதாக விதைக்க வேண்டும். நெடுங்காலம் நிற்க வேண்டுமானால் மரமுருங்கைப் போத்துதான்.

மாடிவீட்டுத் தம்பி, 6:44
தவசிக்கீரையும் வேலி ஓரத்தில் வைக்க விரும்புகிறேன். அதைப் பச்சையாக அரைத்துத் தினமும் குடித்தால் உடல் மெலியும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

கடைசி வீட்டு அக்கா, 6:50
கீரையைத் தாராளமாக வையுங்கள், அந்தச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். தைவானில் 1990-களின் நடுவில் உடல் மெலிவதற்காக அதைப் பச்சைச் சாறாகத் தொடர்ந்து குடித்த பலருக்கு, நுரையீரலின் சிறு மூச்சுக்குழல்கள் மீள முடியாதபடி அடைபட்டுப்போயின. வேகவைத்துப் பொரியலாகவோ பருப்பில் சேர்த்தோ எப்போதாவது உண்பதே முறை.

மாடிவீட்டுத் தம்பி, 6:52
நல்ல வேளையாகக் கேட்டேன். கோவைக்கொடி எப்போது கிடைக்கும், அக்கா?

கடைசி வீட்டு அக்கா, 6:55
ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கொடியைக் கவாத்து செய்யப் போகிறேன், அப்போது வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வெட்டிய தண்டு வாடாமல் இருக்க ஈரச்சாக்கு ஒன்று கொண்டுவாருங்கள்; அதற்கு முன்பே பந்தலுக்குக் கால் நட்டுவிடுங்கள்.